கல்யாணக் கேசட்டுக்குள் ஒரு கரடி

"சார், கல்யாணத்துக்கு நடுவுல ஒரு கரடி பிளேன் ஓட்டுது. இருக்கட்டுமா, வெட்டிறவா?"

ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்த போன் இது. ரசத்தில் கை வைத்தபடியே "ஐயோ, வெட்டிறாதீங்கண்ணே" என்று நான் போட்ட சத்தத்தில் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தன் டிபன் பாக்ஸைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். அந்தக் கரடியை நான் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தேடிக்கொண்டிருந்தேன். அது சித்தி கல்யாணத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கும் என்று யார் கண்டார்.

பழைய வீடியோ கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றித் தருகிற ஒரு கடையைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் எதைத் தேடி அங்கே போனேன் என்று சொல்லாமல் கடை நல்லதா கெட்டதா என்று சொன்னால் உங்களுக்கு ஒன்றும் புரியாது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு வீட்டில் வெள்ளையடித்தபோது மதுரை வில்லாபுரம் வீட்டுப் பரணில் இருந்து மூன்று கேசட் கிடைத்தது. ஒன்று 1994-ல் நடந்த சித்தி கல்யாணம், பிளாஸ்டிக் பெட்டியோடு, மேலே ஒட்டிய ரோஜாப்பூ ஸ்டிக்கர்கூடப் போகவில்லை. இரண்டாவதில் என் கையெழுத்தில், ஸ்கெட்ச் பேனாவில், "கார்ட்டூன். யாரும் அழிக்கக் கூடாது" என்று இருந்தது, 'கார்ட்டூன்' என்பதை நான் அன்றைக்குக் 'கார்டுன்' என்று எழுதியிருந்தேன் என்பது வேறு. மூன்றாவதில் லேபிளே இல்லை. சவுதியில் இருந்த மாமா கொண்டுவந்த விசிஆர் எப்போதோ பழைய இரும்புக்கடைக்குப் போய் ஈயப் பாத்திரத்துக்கு மாறிவிட்டது. ஆக, கேசட் இருக்கிறது, போட்டுப் பார்க்க வழியில்லை.

கடை டவுன் ஹால் ரோட்டில் இருந்து பிரியும் ஒரு சந்தில், முதல் மாடி. படி செங்குத்து, வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். போர்டில் கடையின் பெயரைவிட 'பாஸ்போர்ட் போட்டோ 5 நிமிடத்தில்' என்பதுதான் பெரிதாக இருக்கும். வண்டி நிறுத்த இடமே கிடையாது. முதல் நாள் பைக்கில் போய், தெற்கு வாசலில் ஆரம்பித்த நெரிசலில் ஊர்ந்து, கடைசியில் எங்கோ நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தேன். அடுத்த முறை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துவிட்டேன், அதுதான் சரி.

முன்னால் மகன் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பம் போட்டுக்கொண்டிருப்பார், அவரிடம் கேட்டால் 'அப்பாட்ட கேளுங்க' என்று உள்ளே கையைக் காட்டிவிடுவார். அப்பா அறுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் தோளில் கேமராவும் பின்னால் லைட் பிடிக்க ஒரு பையனுமாக மதுரை முழுக்கக் கல்யாணம் எடுத்தவர். உள்ளறையில் மூன்று விசிஆர். அதில் ஒன்று ஓடாது, மற்ற இரண்டுக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் எடுக்க வைத்திருக்கிறார். புதிதாக வாங்க முடியாதா என்று கேட்டேன். உலகத்தில் கடைசியாக விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது, இனிமேல் இருக்கிறதை வைத்துத்தான் ஓட்டணும் என்றார். சொல்லும்போது அந்த மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், வீட்டுக் கன்றுக்குட்டியைத் தட்டுகிற மாதிரி.

கேசட்டை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம் மோந்து பார்த்தது. முன்பக்க மூடியைத் தூக்கி, மூக்கை வைத்து இழுத்தார். அப்புறம் டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்து, கண்ணாடி வழியாகச் சுருளின் ஓரத்தைப் பார்த்தார். முதல் இரண்டையும் 'பரவால்ல' என்று ஓரமாக வைத்தார். மூன்றாவதன் சுருளில் மாவு தூவிய மாதிரி வெள்ளை. பூஞ்சை. அதை உடனே தனியாக ஒரு பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டார். பூஞ்சை பிடித்த டேப்பை அப்படியே ஓட்டினால் அது மெஷினுக்குள் டேப்பைப் படிக்கிற ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் அதே மெஷினில் ஓடுகிற அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்கும் பரவும். முதலில் கையால் சுற்றிச் சுற்றித் துடைத்து, காயவைத்து, பிறகுதான் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு கேசட்டுக்கு முன்னாலும் ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோல்துணியால் ஹெட்டைத் துடைக்கிறார், குறுக்கே துடைத்தால் ஹெட் போய்விடுமாம், அது சுற்றுகிற வாக்கிலேயே துடைக்கணும்.

இதில் குறுக்கு வழி கிடையாது என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன். பென்டிரைவில் இருந்து பென்டிரைவுக்கு மாற்றுகிற மாதிரி ஒரே அமுக்கில் ஏற்ற முடியாது. மூன்று மணி நேர டேப் என்றால் மூன்று மணி நேரமும் ஓடணும், அது ஓட ஓடக் கம்ப்யூட்டர் பதிந்துகொள்ளும். நடுவில் படம் நடுங்கினால் டிராக்கிங் பட்டனைத் திருகி நேராக்க ஆள் பக்கத்தில் இருக்கணும். அதனால் அவரும் கூடவே உட்கார்ந்து யார் யாருடைய கல்யாணத்தையோ முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "சமையல் நல்லாருந்திருக்கும் போல சார்" என்றார் என்னிடம், சித்தி கல்யாணப் பந்தியைப் பார்த்துவிட்டு.

கேசட்டுக்கு 400 ரூபாய், பூஞ்சை எடுக்க 200 கூடுதல், பென்டிரைவ் நம்முடையது. சொன்னது நாலு நாள், கொடுத்தது ஒன்பதாம் நாள். இதை மைனஸாகத்தான் சொல்ல வேண்டும். போன் பண்ணினால் 'ஓடிக்கிட்டுருக்கு சார்' என்பதையே மூன்று நாள் சொன்னார்கள்.

சரி, கரடி.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் வீட்டில் தூர்தர்ஷன் மட்டும்தான். மொட்டைமாடி ஆண்டெனா கொடைக்கானல் பக்கம் பார்த்து நிற்கும், காற்றடித்தால் யாராவது ஏறித் திருப்பணும், கீழே இருந்து 'வந்துருச்சு, வந்துருச்சு, ஐயோ போயிருச்சு' என்று குரல் கொடுக்கணும். ராமநாதபுரம் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இலங்கையின் ரூபவாஹினி எல்லாம் தெரியும் என்று பெருமையடிப்பார்கள். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டிஸ்னி கார்ட்டூன், டக் டேல்ஸும் டேல்ஸ்பின்னும். அதற்கு முன்னால் மௌக்லி வரும் ஜங்கிள் புக். அது ஜப்பானில் 1989-ல் எடுத்த 52 பாகம், இந்தியில் அந்தப் புலிக்குக் குரல் கொடுத்தது நானா படேகர் என்பதெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. அப்போது எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: எல்லோரும் இந்தியில் பேசுகிறார்கள், எங்களில் ஒருத்தனுக்கும் இந்தி தெரியாது. அதன் ஆரம்பப் பாட்டில் எங்களுக்குப் புரிந்த ஒரே சொல் 'ஜட்டி'. அந்த இடம் வந்தால் மட்டும் தெருவே சேர்ந்து பாடும்.

அதனால் எங்களுக்குப் பெரியப்பா மகன் அண்ணன்தான் டப்பிங். டிவிக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, வாயசைவு பார்த்துத் தமிழில் பேசிக்கொண்டே வருவான். அவனுக்கும் இந்தி தெரியாது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. ஜங்கிள் புக்கில் காட்டில் இருந்த பலூ கரடி டேல்ஸ்பின்னில் தொப்பி போட்டுக்கொண்டு விமானம் ஓட்டும். எப்படி என்று கேட்டோம். "காட்டுல எத்தன நாளைக்கிடா தேன் குடிச்சுக்கிட்டே இருக்கும்? பரிச்ச எழுதி வேல வாங்கிருச்சு." காட்டில் உறுமிக்கொண்டிருந்த ஷேர்கான் இங்கே கோட்டு சூட்டு போட்டு உயரமான கட்டடத்தில் உட்கார்ந்திருக்கும். "வட்டிக்கு விட்டுப் பெரிய ஆளாயிருச்சு." பலூவைத் திட்டிக்கொண்டே இருக்கும் அந்த அம்மா வீட்டு ஓனர், வாடகை பாக்கி. டான் கார்னேஜ் கூட்டம் வானத்தில் கொள்ளையடிக்க வரும்போது "வந்துட்டாய்ங்கடா வெளங்காதவய்ங்க" என்பான், வாரா வாரம் ஒரு சொல் மாறாது, நாங்களும் காத்திருந்து கூடவே சொல்லுவோம். டக் டேல்ஸில் காசுக் குவியலில் நீச்சலடிக்கும் ஸ்க்ரூஜ் தாத்தாவுக்கு அவன் கொடுத்த குரல் எங்கள் தெரு ரேஷன் கடைக்காரருடையது. மூன்று வாண்டு வாத்துகளுக்கும் ஒரே குரல்தான், மூக்கைப் பிடித்துக்கொண்டு.

எனக்கு அந்தக் கார்ட்டூன் மொத்தமும் தமிழில்தான் ஞாபகம். மதுரைத் தமிழில். அதுதான் விஷயம். டேல்ஸ்பின்னை இப்போது எந்த ஓடிடியில் எந்த மொழியில் போட்டாலும் எனக்கு அது என் கார்ட்டூன் மாதிரி இருக்காது, கேசட்டில்தான் அது இருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன், அந்தக் கேசட் கிடைத்ததும் ஆசையோடு கடைக்கு ஓடினேன்.

இரண்டாவது கேசட்டின் பென்டிரைவ் முதலில் கையில் வந்தது. வீட்டுக்குக் கேபிள் வந்த பிறகு பதிந்தது அது. டாம் அண்ட் ஜெர்ரி, பாப்பாய், ஸ்வாட் கேட்ஸ், நடுவில் சக்திமான் அரை எபிசோட். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு 1995-ல் வந்தது, எங்கள் வீட்டுக்கு அது வர இன்னும் இரண்டு மூன்று வருடம் ஆனது. அப்போது அது முழுநாள் சேனல் இல்லை, ராத்திரியானால் அதே இடத்தில் பழைய இங்கிலீஷ் கருப்பு வெள்ளைப் படம் ஓட ஆரம்பித்துவிடும், டாம் துரத்திக்கொண்டே இருக்கும்போது டக்கென்று யாரோ தொப்பிக்காரர் சிகரெட் பற்றவைப்பார். கேசட்டில் அந்த இடம்கூட அப்படியே விழுந்திருந்தது. யாரோ ஓடிப்போய் ஸ்டாப் அமுக்கியிருக்கிறோம்.

டாம் அண்ட் ஜெர்ரி மட்டும் நான் நினைத்து வைத்திருந்தபடியே இருந்தது, அச்சு அசலாக. ஹன்னாவும் பார்பெராவும் 1940-ல் இருந்து 1958 வரை எடுத்த 114 குட்டிப் படங்கள், அதில் ஏழு ஆஸ்கர் வாங்கியவை. அவற்றில் பேச்சே பெரும்பாலும் கிடையாது, இசைதான் பேசும், பூனை படி இறங்கினால் பியானோவும் கூட இறங்கும். டப்பிங் தேவைப்படவில்லை, அதனால் ஞாபகத்தில் ஒன்றும் கலக்கவில்லை போல. இந்த வயதிலும் நான் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். ஸ்வாட் கேட்ஸைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பூனைகளின் ஜெட் விமானம் இன்னும் கம்பீரம்தான், கதை என்று பார்த்தால் ஒரு ராட்சசன் வருகிறான், ஊரை உடைக்கிறான், இவர்கள் ஏவுகணை விடுகிறார்கள், முடிந்தது. சக்திமானைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அவர் சுழல்கிறார், நாங்களும் சுழன்று கட்டிலில் இருந்து விழுந்திருக்கிறோம், கணக்குச் சரியாகிவிட்டது.

ஆனால் கரடி இல்லை. டேல்ஸ்பின் ஒரு நிமிடம்கூட இல்லை. ஏமாற்றத்தோடு இருந்த மறுநாள்தான் அந்தப் போன்.

நடந்தது இதுதான். கல்யாண கேசட் எடுத்துக் கொடுக்கிறவர்கள் அதன் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் பல்லை உடைத்துத்தான் கொடுப்பார்கள், அது இல்லாவிட்டால் மெஷின் அதன்மேல் பதியாது. சித்தி கேசட்டில் அந்தப் பள்ளத்தின் மேல் செல்லோ டேப் ஒட்டியிருந்தது. கடைக்காரர் அதைக் காட்டி, "யாரோ வெவரமானவரு வேல பார்த்துருக்காரு சார்" என்றார். வீட்டில் வெவரமானவர் ஒருத்தர்தான். குலதெய்வம் கோயிலுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வேன் பிடித்துப் போன நாளில், கார்ட்டூன் போய்விடும் என்று நான் அழுது புரண்டிருக்கிறேன். அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு, அவர் வரவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தால் கார்ட்டூன் பதிந்து வைத்திருந்தார். அதை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. எந்தக் கேசட்டில் பதிந்தார் என்று ஒன்பது வயதில் யார் கேட்டது. காலி கேசட் வாங்கக் காசு வேண்டுமே, கல்யாணத்தில் பந்திதானே, சாப்பிடுகிறதை யார் திருப்பிப் போட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

இத்தனை வருடமாக அம்மாவும் சித்தியும் அந்த வீடியோக்காரர் மட்டமான கேசட்டைத் தலையில் கட்டிவிட்டார் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை மகள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிடவேயில்லை. டிவியில் பென்டிரைவைச் செருகி எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது, நாதஸ்வரம், தாலி, மொய் எழுதுகிறவர், முதல் பந்தி, இலையில் தண்ணீர் தெளிக்கிறார்கள், சடாரென்று ஒரு கோடு, கரடி. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா காலையிலேயே படித்து முடித்த பேப்பரை மறுபடி விரித்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

கரடி இருபது நிமிடம் ஓடியது. பிறகு கரண்ட் போயிருக்க வேண்டும், பாதி வசனத்தில் படம் உடைந்து, ஒரு நொடி எறும்பு ஓடி, மறுபடி பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாத்தா பாயச வாளியோடு வரிசையில் வருகிறார். ஒவ்வோர் இலைக்கும் குனிந்து, கரண்டியை ஒரு தட்டுத் தட்டி ஊற்றி, கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, 'இங்கிட்டு எடுக்காத' என்பது மாதிரிக் கையை ஆட்டுகிறார். பதினொரு நொடி. எண்ணிப் பார்த்தேன். 2001-ல் போய்விட்ட தாத்தா நடமாடுகிற படம் எங்கள் வீட்டில் வேறு எதிலும் கிடையாது. கரண்ட் இன்னும் பத்து நிமிடம் கழித்துப் போயிருந்தால் இதுவும் கரடிக்கடியில் போயிருக்கும். அம்மா ரிமோட்டை வாங்கிப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். அப்புறம் இன்னொரு தடவை. அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் பார்க்கவில்லை.

கடைக்காரர் போன் பண்ணிக் கேட்காமல் 'யாரோ தெரியாமல் பதிந்த குப்பை' என்று அந்த இருபது நிமிடத்தை வெட்டியிருக்கலாம். நிறைய பேர் அப்படித்தான் செய்வார்கள், கல்யாணம்தானே கேட்டார்கள் என்று. அவர் கேட்டார். இந்தக் கடைக்கு நான் கொடுக்கிற மார்க்கில் பாதி அதற்குத்தான்.

குறையும் சொல்லணும். முதலில் கொடுத்த ஃபைலில் படம் இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரி இருந்தது. பழைய டிவி கிட்டத்தட்டச் சதுரம், நாலுக்கு மூணு. இப்போதைய டிவி பதினாறுக்கு ஒன்பது. திரை நிறையணும் என்று மகன் இழுத்து வைத்திருக்கிறார். சித்தி இரண்டு மடங்கு அகலம், சித்தப்பாவைச் சொல்லவே வேண்டாம், ஏற்கெனவே தொப்பை போட்ட பலூ திரையை விட்டு வழிந்தது. திருப்பிக் கொண்டுபோனேன். "சைடுல கருப்பா வரும் சார், பரவால்லயா? சில பேரு டிவி ரிப்பேர்னு சொல்லித் திட்டுறாங்க" என்றார் மகன். பரவால்ல, கருப்பாகவே வரட்டும் என்றேன். கூடுதல் காசு வாங்காமல் மாற்றித் தந்தார். நீங்கள் போனால் முதலிலேயே 'இழுக்க வேண்டாம், நாலுக்கு மூணுலயே குடுங்க' என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது கார்ட்டூனுக்கு வருகிறேன். என் மகளுக்கு ஆறு வயது, அவளை உட்கார வைத்துப் பெருமையாகக் கரடியைப் போட்டேன். முதல் கேள்வி, "டிவி ஏன்ப்பா இவ்ளோ அழுக்கா இருக்கு?" அடியில் ஓடும் அந்தக் கோடும், நிறம் சிவப்பில் வழிவதும் அவளுக்கு அழுக்கு. அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது கேள்விதான் என்னை நிமிர்த்தி உட்கார வைத்தது. "என்னப்பா பேசுறாங்க?"

இந்தி. முழுக்க முழுக்க இந்தி. விசிஆர் டிவி சிக்னலைத்தான் பதியும், அறையில் பேசுகிறவன் குரலைப் பதியாது. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அந்த நொடி வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. 'வெளங்காதவய்ங்க' இல்லை. ரேஷன் கடைக்காரர் இல்லை. நான் தேடிப் போனதில் பாதி டேப்பில் ஏறவே இல்லை.

நானே பேசிப் பார்த்தேன். "இந்தக் கரடி என்ன சொல்லுதுன்னா..." என்று ஆரம்பித்து, பாடம் நடத்துகிற மாதிரி ஆகிவிட்டது. அவள் எழுந்து போய்விட்டாள்.

என் தம்பிக்கு இதெல்லாம் கேலி. அவன் என்னைவிட ஒன்பது வயது சின்னவன், சுட்டி டிவி பிள்ளை. 2007 ஏப்ரலில் அது ஆரம்பித்ததில் இருந்து அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து பை போடுவது டிவிக்கு முன்னால்தான். "புரியாததப் பாத்துட்டு இவ்ளோ பேசுறீங்க, எங்களுக்கெல்லாம் ஜாக்கி சானே தமிழ்ல பேசுவாரு" என்பான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டோராவின் குரங்குக்கு இங்கிலீஷில் பூட்ஸ் என்று பெயர், தமிழில் அதைப் புஜ்ஜி ஆக்கியவர் யாரோ, அவருக்கு ஒரு மாலை போடலாம். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அடுத்தவர் தட்டில் இருந்து வடையை எடுத்தால் 'குள்ளநரி திருடக் கூடாது' என்று மூன்று தடவை சொல்லாமல் விடமாட்டார்கள். அம்மா உட்பட. ஜாக்கி சான் கார்ட்டூனில் வரும் பன்னிரண்டு தாயத்துக்கும் என்ன சக்தி என்று தம்பியை ராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான்: சேவல் என்றால் மிதக்கலாம், எருது என்றால் பலம், பாம்பு என்றால் மறையலாம், முயல் என்றால் வேகம், எலி பொம்மைக்கு உயிர் கொடுக்கும். பிளஸ் டூவில் தனிம அட்டவணை மட்டும் அவனுக்கு நிற்கவில்லை. அந்தக் கிழவர் மந்திரம் போடும்போது சொல்கிற 'யூ மோ குய் க்வாய் ஃபை டி சாவ்' தமிழாக்கப்படாமல் அப்படியே வரும். பேய் பிசாசே சீக்கிரம் ஓடு என்று கேண்டனீஸ் மொழியில் அர்த்தமாம். அதைச் சொல்லிக்கொண்டே கருவாட்டை நீட்டிக்கொண்டு எங்கள் தம்பி வீடெல்லாம் ஓடியிருக்கிறான், அடி வாங்கியிருக்கிறான்.

சுட்டி டிவி டப்பிங் நல்ல டப்பிங்தான், நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி. எங்கள் பலூ வில்லாபுரத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் வாடகை பாக்கி வைத்திருந்தது.

போன ஞாயிறு அண்ணன் வந்தான். அவன் இப்போது மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இருக்கிறான். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போகிறவன், அதனால் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவான். அவனை எழுப்பிக் கரடியைப் போட்டேன், மகளையும் இழுத்து உட்கார வைத்தேன், அண்ணன் பேசுவான் என்று. அவனுக்கு டப்பிங் கொடுத்ததே ஞாபகம் இல்லை. "நானா? எப்படா?" அப்புறம் படத்தைக் கவனித்தான், சிரிக்க ஆரம்பித்தான். நான் மறந்தே போயிருந்தேன், அவன் நடுவில் ஏழு வருடம் நாக்பூரில் முறுக்குக் கம்பெனியில் இருந்தவன். இப்போது அவனுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு.

"டேய், அந்தம்மா வீட்டு ஓனரு இல்லடா. இவன் பேங்க் கடனக் கட்டல, கம்பெனிய அந்தம்மா வாங்கிருச்சு, இப்ப அது இவனுக்கு மொதலாளி. சரக்கு லேட்டாப் போச்சுன்னு வைய்யுது." கொஞ்ச நேரம் கேட்டான். "பாக்கி இருக்குன்னு நான் சொன்னது ஒருவகையில சரிதான்." டான் கார்னேஜ் வந்தபோது நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு, "இவன் சொல்றது சும்மா, கப்பல ஒப்படை, அவ்ளோதான். சப்புன்னு இருக்கு" என்றான். மகள் அவனிடம், "பெரியப்பா, நீங்களே ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள். அவன் சொன்னான். வாடகை, வட்டி, இன்னும் பூ மார்க்கெட் கமிஷன் வரைக்கும் வந்தது. பழைய வசனம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் புதுசு. அவள் அந்த இருபது நிமிடத்தை மூன்று முறை போடச் சொன்னாள். மூன்று முறையும் அவன் வேறு வேறு கதை சொன்னான், நாலாவது முறை பலூ பேசிக்கொண்டிருக்கும்போதே குறட்டை விட்டான்.

போவதென்றால்: ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை பூட்டு. கேசட்டை வெயிலில் காயவைத்து எடுத்துப் போகிறேன் என்று ஆரம்பிக்காதீர்கள், டேப் சுருங்கிவிடும், இருக்கிறபடியே கொண்டுபோங்கள். எதையும் வெட்ட வேண்டாம், முழுசாக வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். ஒன்பது நாளைப் பத்து நாளாகவே வைத்துக்கொள்ளுங்கள். சித்திக்கு ஒரு காப்பி போடச் சொன்னபோது 'கரடியோடவா, கரடி இல்லாமலா' என்று கேட்டார்கள். சித்தியிடம் கேட்டேன், கரடியை எடுத்தாலும் பந்தி திரும்பி வரப்போகிறதா, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

மூன்றாவது கேசட்டின் பூஞ்சையை எடுத்து முந்தாநாள்தான் ஓட்டியிருக்கிறார்கள். மறுபடி போன். "சார், இது சினிமாப் படம். இத நான் காப்பி போட மாட்டேன், தப்பு." சரிண்ணே, வைங்க, வந்து வாங்கிக்கிறேன் என்றேன். "இல்ல சார், உள்ள ஒரு சீட்டு இருக்கு. வாடகைக் கேசட்டு. 1997-ல எடுத்துருக்கீங்க. லேட்டானா ஒரு நாளைக்கு அஞ்சு ரூபா அபராதம்னு போட்டுருக்கு." சிரிக்கிறாரா இல்லையா என்று போனில் தெரியவில்லை. அந்த வீடியோ லைப்ரரி இருந்த இடத்தில் இப்போது மாவு அரைக்கிற மில் இருக்கிறது. அப்பாவிடம் கேட்டால் எப்படியும் பேப்பரை விரிப்பார்.